நம் ஊர் வழியே நடந்த வரலாறு

வில்லியனூர் தூய லூர்தன்னை திருத்தலத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து, குளக்கரையில் சிறிது நேரம் நின்று பேசிச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கம். அப்படியொரு காலையில் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். நூலகத்திலிருந்து எடுத்த தடித்த நாவல் ஒன்று அவர் கையில் இருந்தது. "கதைதானே என்று எடுத்தேன். உள்ளே போனால் நம் ஊர்ப் பெயர் வருகிறது, நம் கோவில் பெயர் வருகிறது, நம்மவர்கள் வருகிறார்கள். இதில் எது மெய், எது புனைவு? மெய்யென்றால், இத்தனை நாளும் ஏன் நமக்கு எவரும் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அதன் இரண்டாம் பகுதி நம்மை வீடு வரை தொடர்ந்து வந்தது. வரலாற்று நாவல்களை நண்பர்களுக்குப் பரிந்துரைக்கும்போது, "சுவையாக இருக்கும், படியுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சுவையோடு அவை நம்மிடம் ஒரு கணக்கும் கேட்கின்றன என்பதைச் சொல்வதில்லை. இக்கட்டுரையில் சில நாவல்களை வாசகர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம். கூடவே, அவை கேட்கும் கணக்கையும் மறைக்காமல் முன்வைக்க விரும்புகிறோம்.

நாம் மிதிக்கும் மண்

வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களில் வாழ்வோருக்கு வரலாறு என்பது தொலைவிலுள்ள பொருளன்று. புதுவையிலிருந்து பாகூர்ப் பக்கமாகப் பேருந்தில் போகிறவர், ஊருக்கு ஊர் மாநில எல்லை மாறி மாறி வருவதைக் காண்கிறார். ஒரு வயல் புதுவையைச் சேர்ந்தது. வரப்புக்கு அந்தப்புறம் தமிழ்நாடு. இந்தக் கிழிந்த வரைபடம் தானாக வந்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக நடந்த போட்டியில் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை நின்றனர். அதற்குக் கைம்மாறாக அவர்கள் கைக்கு வந்தவை இந்தப் பகுதிகள். பின் போரில் பறிபோயின. 1783ஆம் ஆண்டு வெர்சேய் உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சூழ்ந்த பகுதிகளாக வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரருக்குப் பெற்றுத்தர ஆங்கிலேயர் இசைந்தனர். நம் குடும்ப அட்டையிலுள்ள முகவரிக்குப் பின்னே இத்தனை வாளும் பேனாவும் இருக்கின்றன.

இன்னும் பின்னே போகலாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, உரோமாபுரியிலிருந்து வந்த மட்கலங்கள் நம் ஊர் மண்ணில் கிடைத்தன. பாகூரில் கிடைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடுகள், 9ஆம் நூற்றாண்டிலேயே அவ்வூரில் ஒரு கல்விக்கழகம் இருந்ததையும், அதன் செலவுக்காக மூன்று ஊர்களின் வருவாய் விடப்பட்டதையும் கூறுகின்றன. இவ்வளவு செல்வம் காலடியில் கிடக்க, நாம் அதன்மேல் நடந்து சந்தைக்குப் போய் வருகிறோம். செப்பேட்டையும் மட்கலத்தையும் எல்லாராலும் படிக்க முடியாது. அவற்றுக்கும் நமக்கும் இடையே படகு விடுபவன் நாவலாசிரியன்.

தமிழில் இந்தப் படகு விடும் பணி 1895இல் திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி'யோடு தொடங்கியது என்பர். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னர், 1879இல், தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை அச்சிட்டுத் தந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம். நாவல் வாசிப்பது வீண்பொழுது என்று நம் வீடுகளில் சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தமிழுக்கு நாவலைக் கொண்டுவந்தவர் நம் வீட்டுக்காரர் என்பது அப்போது எவருக்கும் நினைவு வரவில்லை போலும்.

ஒரு துபாசியின் கணக்குப் புத்தகம்

புதுவையைப் பற்றிய வரலாற்று நாவல்களுக்கெல்லாம் ஊற்றுக்கண் ஒன்றுண்டு. அது ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய தினப்படி சேதிக் குறிப்பு. 1709இல் பிறந்து 1761இல் மறைந்த பிள்ளை, ஆளுநர் துய்ப்ளேக்சிடம் தலைமைத் துபாசியாக இருந்தவர். 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிச் சாகும் தறுவாய் வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், கண்டதையும் கேட்டதையும் தம் காலத்துப் பேச்சுத் தமிழில் எழுதி வைத்தார். கப்பல் வந்தது, துணிக்கட்டு விலை, யார் யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, எவர் எவரைப் பற்றிக் கோள் சொன்னார் என்று எல்லாமே அதில் உண்டு. பிள்ளை மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல், கல்லுவா மோன்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. தமிழன் தமிழில் எழுதியதை முழுமையாக ஆங்கிலத்தில்தான் படிக்க முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. மு. இராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதிகள் 2019இல் வந்து அந்தக் குறையைப் போக்கின.

பன்னிரண்டு தொகுதிகளையும் படிக்க எல்லாருக்கும் பொழுதும் பொறுமையும் இராது. அவர்களுக்காகவே எழுதியதுபோல் பிரபஞ்சன் இரண்டு நாவல்களைத் தந்தார். 1945இல் புதுவையில் பிறந்து 2018இல் மறைந்த பிரபஞ்சன், 'மானுடம் வெல்லும்' நாவலில் துய்ப்ளேக்சுக்கு முற்பட்ட புதுச்சேரியையும், 'வானம் வசப்படும்' நாவலில் துய்ப்ளேக்சு காலத்துப் புதுச்சேரியையும் நம் கண்முன் நிறுத்தினார். பின்னதற்கு 1995ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இவ்விரண்டையும் நாம் முதலில் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. அதுவரை தமிழ் வரலாற்று நாவல் என்றால் அரண்மனை, சுரங்கவழி, குதிரைக் குளம்பொலி, பேரழகியான இளவரசி என்றிருந்தது. பிரபஞ்சன் அந்த வாசலை அடைத்துவிட்டுக் கடைத்தெருவின் வாசலைத் திறந்தார். அவர் கதையில் அரசர்கள் கடன் கேட்கிறார்கள். துபாசிகள் கணக்குப் பார்க்கிறார்கள். தாசிகளும் தறிக்காரர்களும் உழவர்களும் பெயரோடு பேசுகிறார்கள். பிள்ளையின் குறிப்பில் வரித்தொகையாக மட்டுமே தெரிகிற சிற்றூர் மனிதருக்கு நாவலில் முகம் கிடைக்கிறது.

அந்த முகத்தின் தேவையைப் பாகூர்க்காரர் நன்கு உணர்வர். 1752இல் பாகூரில் ஒரு போர் நடந்தது. ஆங்கிலப் படைத்தலைவர் லாரன்சு, துய்ப்ளேக்சின் உறவினரான கெர்ஜானின் படையை முறியடித்து அவரையும் சிறைப்பிடித்தார். வரலாற்று நூல்களில் இது இரண்டு வரி. ஆனால் படை வந்து இறங்கிய வயலில் யார் நடவு செய்திருந்தார்? மாடுகளை ஓட்டிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடினார்கள்? திரும்பி வந்தபோது விதைநெல் இருந்ததா? வென்றவரும் தோற்றவரும் எழுதிய குறிப்புகளில் இவற்றுக்கு இடமில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொடுப்பதே நல்ல வரலாற்று நாவலின் முதற்பயன் என்போம்.

நமக்கு வலிக்கும் பக்கங்கள்

இனி, குளக்கரையில் பெரியவர் கேட்ட இரண்டாம் கேள்விக்கு வருவோம்.

துய்ப்ளேக்சு காலத்துப் புதுவைக் கதையைப் படிக்கும் கத்தோலிக்கர் மூன்று இடங்களில் மனம் குன்றாமல் இருக்க முடியாது. மூன்றும் நாட்குறிப்பில் உள்ளவை. நாவலாசிரியரின் கற்பனையில் பிறந்தவை அல்ல.

முதலாவது, 1745 அக்டோபர். புதுவையில் நாம் சம்பா கோவில் என்றழைக்கும் தூய பவுல் ஆலயத்தின் உள்ளே, தாழ்த்தப்பட்ட கிறித்தவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இதைக் கண்டு, இறைவன் முன் இந்த வேற்றுமை ஏன் என்று கேட்டார். அதனால் துணிவு பெற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்டு சென்று தலைமைக் குருவிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. மேற்சாதிக் கிறித்தவர்கள் சீற்றம் கொண்டனர்.

இரண்டாவது, அதே ஆண்டு நவம்பர் 30. பிள்ளைக்கு முன் தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் கத்தோலிக்கர். 1739இல் இளம்வயதில் இறந்துபோன தம் ஒரே மகன் வேலவேந்திரனின் நினைவாக, வில்லியனூர்ச் சாலையில் நாம் நாள்தோறும் கடந்துபோகும் ஒழுகரையில் தூய அந்திரேயா ஆலயத்தைக் கட்டினார். ஆலயத் திறப்பன்று எல்லாச் சாதியாரையும் எல்லாச் சமயத்தாரையும் அழைத்துப் பெருவிருந்து வைத்தார். அவரவர் சாதிக்குத் தனித்தனி இடம், தனித்தனி உணவு. மகனை இழந்த தந்தையின் கண்ணீரும் அந்த ஆலயத்தின் செங்கற்களில் இருக்கிறது; அக்காலத்துச் சாதி ஒழுங்கும் அந்தப் பந்தியில் இருக்கிறது. சம்பா கோவிலில் சுவர் இடிந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். கல்லால் கட்டிய சுவரை ஒரே நாளில் இடித்துவிடலாம். வாழையிலை போட்டுக் கட்டிய சுவர் அவ்வளவு எளிதில் இடிவதில்லை.

மூன்றாவது, 1748 செப்டம்பர். ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போசுகாவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரம். சம்பா கோவிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் ஆளுநரின் ஆணையால் இடிக்கப்பட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் கூறப்பட்டது. ஆனால் அதற்கு முன் நெடுங்காலமாகவே சேசு சபைக் குருக்கள் அதை அகற்றக் கேட்டு வந்தனர் என்பதும், ஆளுநரின் மனைவி அதற்குத் துணைநின்றார் என்பதும் குறிப்பிலிருந்து தெரிகின்றன. தந்தை கேர்து என்ற குரு லிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். இந்தத் தந்தை கேர்து யார்? சமற்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உறவு உண்டென்று 1767இல் பிரான்சுக்கு எழுதிய பேரறிஞர். இந்நாட்டு மொழிகளைக் காதலித்துக் கற்ற கையும் சம்மட்டி பிடித்த கையும் ஒரே மனிதருடையவை. பதின்மூன்று ஆண்டுகள் சென்று, 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அந்தச் சம்பா கோவிலையும் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் பேராலயம் 1791இல் எழுந்தது.

நாட்குறிப்பாசிரியர் தம் சமயத்திலும் சாதியிலும் ஊன்றியவர்; கனகராய முதலியாரோடு பதவிப் போட்டி உள்ளவர். ஆகவே அவர் சொல்வதை எடை போட்டுத்தான் ஏற்கவேண்டும். எனினும் எடை போடுவது வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. நம் சகோதர இந்து சமயத்தவர் இந்த நாவல்களைப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளும் கல்லூரியில் படிக்கிறார்கள். வெளியார் சொல்லி அறிந்து தலைகுனிவதைவிட, நாமே படித்து, நாமே வருந்தி, நாமே பேசுவது மேன்மை அல்லவா? 2000ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் மக்கள் கடந்த காலத்தில் செய்த பிழைகளுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2024 நவம்பரில் திருச்சபை வரலாற்றுக் கல்வி பற்றி எழுதிய மடலில், கறையற்ற கற்பனைத் திருச்சபையை அன்று, உள்ளபடியான திருச்சபையை நேசிக்கவே வரலாறு நமக்குக் கற்றுத்தருகிறது என்னும் கருத்தை வலியுறுத்தினார். தாயை நேசிப்பவன் அவள் முகத்துத் தழும்பை ஓவியத்திலிருந்து அழிக்கச் சொல்வதில்லை.

வரலாறு பழங்கதையும் அன்று. சாதிப் பாகுபாடு கொடிய பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் தன் ஆவணத்தில் மீண்டும் சொல்லவேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்திலும் தேர்த்திருவிழாவிலும் அந்தப் பழைய சுவரின் நிழல் இன்னும் விழுகிற ஊர்களை நாம் அறிவோம். 1745இல் திரண்டு சென்று முறையிட்ட அந்த எளிய மக்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. அவர்கள் நம் விசுவாச முன்னோர்.

ஏரிக்கரையும் பொன்னியின் செல்வனும்

வலித்த மனத்துக்குச் சற்று இளைப்பாறுதல் வேண்டாமா? கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை இதுவரை படிக்காதவர்கள் படிக்கலாம்; படித்தவர்கள் மீண்டும் படிக்கலாம். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்து தமிழ்நாட்டையே காத்திருக்க வைத்த கதை. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையேறி வரும் தொடக்கக் காட்சி, பாகூர் ஏரிக்கரையில் நடந்து பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

அந்தக் கதையின் பின்னணியில் தக்கோலப் போர் இருக்கிறது. 949இல் நடந்த அப்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமீது இறந்தான். வென்றவன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன். கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்த மன்னனின் கல்வெட்டுகள் பாகூர் மூலநாதர் ஆலயத்தில் இருக்கின்றன. நாவலில் சோழ வீரர்கள் பெருமூச்சோடு நினைவுகூரும் தோல்வி, பாகூரில் கல்லில் எழுத்தாக நிற்கிறது. நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஆலயத்தின் சுவரருகே சென்று நில்லுங்கள். கதை வேறு விதமாகப் பேசும்.

ஒரு சொல் எச்சரிக்கை. நந்தினி வரலாற்றில் இல்லை, கல்கியின் படைப்பு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பது குறித்து உடையார்குடிக் கல்வெட்டு சில பெயர்களைத் தருகிறது. ஏன் கொன்றார்கள் என்பதை அது சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் கல்கி ஐந்து பாகக் கோபுரம் எழுப்பினார். கோபுரத்தை வியக்கலாம். அதை அடித்தளமென்று கருதிச் சண்டையிடலாகாது. நம் இளைஞர்கள் சிலர் திரைப்படத்தையும் நாவலையும் சான்றாகக் காட்டி வரலாறு பேசுவதைக் கேட்கும்போது இதைச் சொல்லத் தோன்றுகிறது.

கடல் கடந்தவர்கள், கடல் சார்ந்தவர்கள்

புதுவை மண்ணிலிருந்து பிரான்சு சென்று வாழும் நாகரத்தினம் கிருஷ்ணாவின் 'நீலக்கடல்' நம்மவர் மறந்துபோன ஒரு பயணத்தைச் சொல்கிறது. 1735 முதல் மொரீசியசுத் தீவை ஆண்ட லபூர்தொனே, அங்கே துறைமுக நகரை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுசென்றார். கொத்தனாரும் தச்சரும் கப்பலேறினர். அடிமைகளாகவும் பலர் கொண்டுபோகப்பட்டனர். அந்தத் தீவின் தமிழரைப் பற்றிய நாவல் இது. பிரான்சிலும் ரெயூனியோனிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் கொம்யூன்களில் எத்தனையோ. விமானத்தில் வந்துபோகும் அந்த உறவுகளுக்கு முன்னே, கப்பலின் அடித்தட்டில் போனவர்களின் கதை ஒன்றிருக்கிறது என்பதை அவர்கள் அறியவேண்டும். மு. இராஜேந்திரனின் 'காலா பாணி'யையும் இத்துடன் சேர்த்துப் படிக்கலாம். 1801 கிளர்ச்சிக்குப் பின் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட சிவகங்கை வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு சென்றவர்களையும் பற்றிய அந்நாவல், 2022ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

தெற்கே போனால், கத்தோலிக்க வாசகர் தவறவிடக்கூடாத நாவல் ஜோ டி குரூசின் 'கொற்கை'. 2013இல் அகாதெமி விருது பெற்ற இந்நாவல், தூத்துக்குடிப் பரதவர் வாழ்வை 1914 தொடங்கிச் சற்றேறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு விரிக்கிறது. பாய்மரத் தோணிகள் போய் இயந்திரக் கப்பல்கள் வந்தபோது ஒரு சமூகம் எப்படித் தன் தொழிலையும் தலைமையையும் இழந்தது, அந்த இழப்பில் ஆலயமும் குருக்களும் எங்கே நின்றார்கள் என்பதை உள்ளிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அளவும், நெய்தல் நிலத்துப் பேச்சும் முதலில் மிரட்டும். ஐம்பது பக்கம் பொறுத்தால் அலை தானே இழுத்துக்கொள்ளும்.

பூமணியின் 'அஞ்ஞாடி' கரிசல் நிலத்தின் நீண்ட கதை. 2014ஆம் ஆண்டின் அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. 1895இல் கழுகுமலையில் கத்தோலிக்கரான நாடார்களுக்கும் மற்றவர்களுக்கும் தேர்வீதியில் மூண்ட கலவரமும், 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. ஒரு தெருவில் யார் நடக்கலாம் என்ற கேள்வி எத்தனை உயிர்களைக் கொள்ளும் என்பதை அறிந்துகொள்ள அதைப் படிக்க வேண்டும். படித்து முடித்து வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர்த்திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்துத் தொடங்கிவைத்த அந்த மரபு இன்றும் துணைநிலை ஆளுநரால் தொடர்கிறது. தேர் ஒன்றுதான், அதைச் சுற்றி மனிதர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு எல்லாம்.

உலகத் திருச்சபையிலிருந்து இரண்டு

ஆங்கிலம் படிக்க வல்லவர்களுக்கு இரண்டு நூல்களைச் சொல்வோம். உரோமைப் பேரரசின் வேதகலாபனையைக் கூறும் 'குவோ வாதிசு' போன்ற நாவல்களை நம் பெரியோர் விரும்பிப் படித்தனர். அவை நல்லவை. ஆனால் அவற்றில் நாம் எப்போதும் துன்புறுவோர் பக்கத்திலேயே இருக்கிறோம். அதனால் மனம் உருகுகிறதே தவிர, தன்னைத் தான் சோதித்துப் பார்ப்பதில்லை.

இத்தாலியரான மன்சோனியின் 'மணஒப்பந்தம் ஆனவர்கள்' என்னும் நாவல் அப்படியன்று. 1827இல் முதலில் வந்தது. 1630இல் மிலான் நகரை வாட்டிய கொள்ளைநோயே அதன் பெரும் பின்னணி. ஏழைக் காதலர் இருவருக்குத் திருமணம் நடத்தவேண்டிய பங்குத்தந்தை, உள்ளூர்ப் பெருந்தனக்காரனின் அடியாட்களுக்கு அஞ்சி மறுத்துவிடுகிறார். அதே நாவலில் கிறிஸ்தோபரோ என்னும் துறவி உயிரைத் துச்சமாக்கி நோயாளிகளுக்குப் பணிசெய்து இறக்கிறார். கோழையும் வீரனும் ஒரே திருச்சபையில், ஒரே மறைவட்டாரத்தில் இருக்கிறார்கள். தாம் கத்தோலிக்கர் என்பதால் மன்சோனி ஒருவரை மறைக்கவுமில்லை; மற்றவரைக் குறைக்கவுமில்லை. மணமாகப்போகும் இளையோர் இதைப் படிக்கவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிசு 2015இல் பொதுமறையுரையிலேயே கூறினார்.

மற்றொன்று, சப்பானியக் கத்தோலிக்கரான சூசாகு எண்டோ 1966இல் எழுதிய 'மௌனம்'. 17ஆம் நூற்றாண்டில் சப்பானில் விசுவாசத்தை மறுதலித்த குருக்களின் கதை. வேதசாட்சிகளுக்குத் திருநாள் உண்டு; தோற்றுப்போனவர்களுக்கு என்ன உண்டு என்று அது கேட்கிறது. திடமனத்தோடு படிக்கவேண்டிய நூல்.

எப்படி வாசிப்பது?

பல ஆண்டு வாசிப்பில் நாம் கற்ற மூன்று வழக்கங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒரு நாவலைத் தனியே படிக்காமல், கூடவே ஒரு வரலாற்று நூலையோ மூல ஆவணத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். 'வானம் வசப்படும்' படிக்கும்போது நாட்குறிப்பின் ஒரு தொகுதியாவது பக்கத்தில் இருக்கட்டும். 1827 முதல் இயங்கிவரும் புதுவை ரோமன் ரோலன் நூலகம் பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. மன்சோனியே பிற்காலத்தில், 1850இல் வெளியிட்ட கட்டுரையில், வரலாற்றையும் புனைவையும் கலப்பது முறையா என்று ஐயுற்றார். தாமே எழுதிப் புகழ்பெற்ற வகையைத் தாமே கேள்வி கேட்ட அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

படித்த இடத்துக்குக் கால் நடந்து போங்கள். ஒழுகரை ஆலயமும், அரிக்கமேடும், பாகூர் மூலநாதர் ஆலயமும், சம்பா கோவிலும் ஒரு நாளில் பார்த்துவரக்கூடியவை. பங்கு இளைஞர் இயக்கத்தார் தொலைதூரச் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிக்கும்முன், இந்த ஒருநாள் பயணத்தை எண்ணிப்பார்க்கலாம்.

கூடிப் படியுங்கள், அதிலும் நம்மிலிருந்து வேறுபட்டவர்களோடு கூடிப் படியுங்கள். 1748ஐப் பற்றிய பக்கங்களை ஓர் இந்து நண்பரோடும், 1745ஐப் பற்றிய பக்கங்களை நம் பங்கிலேயே மற்றத் தெருவில் வாழும் சகோதரரோடும் அமர்ந்து படிப்பது எளிதன்று. முதல் அரைமணி நேரம் அமைதியாகத்தான் போகும். அதன்பின் பேச்சு வரும். இளமையில் சாந்தா ஃபே நகரப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவரான திருத்தந்தை பிரான்சிசு, 2024 சூலையில் இலக்கியத்தைப் பற்றி எழுதிய மடலில், பிறர் கண்ணால் உலகைப் பார்க்க நாவலும் கவிதையும் நம்மைப் பழக்குகின்றன என்று வற்புறுத்தினார். பிறர் கண்ணால் நம்மையே பார்ப்பது அதனினும் கடினம். அதற்கும் நாவலே துணை.

ஓர் ஆசையையும் சொல்லிவிடுகிறோம். வில்லியனூருக்கு அருகே கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள், மக்களின் சார்பாளர் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. அந்த 170 பேர் கீழூர் வரும் வழியில் என்ன பேசினார்கள்? அந்த 8 பேர் அன்றிரவு எப்படி வீடு திரும்பினார்கள்? அவர்கள் மனைவியர் என்ன சொன்னார்கள்? நம் கொம்யூன்களிலிருந்து ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இதை நாவலாக எழுதும் நாளை ஆவலோடு எதிர்பார்க்கிறோம். அதற்கு முன்னோடியாக, வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து கேட்டு எழுதிவைத்தாலே போதும். ஆனந்தரங்கப் பிள்ளையும் நாவல் எழுதுவதாக எண்ணி எழுதவில்லை. அன்றன்று கேட்டதை அன்றன்று குறித்தார்.

குளக்கரைப் பெரியவரை அடுத்த ஞாயிறு கண்டோம். "சுவர் மெய்தான் ஐயா. அதை இடித்ததும் மெய்தான்" என்றோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இரண்டாம் பாகம் நூலகத்தில் இருக்கிறதா?" என்று கேட்டார்.